ஓவர்லோடு ரிலேயை எந்த எண்ணில் வைப்பது? மூன்று ஃபேஸ் மோட்டாருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எரிந்துபோன மோட்டாரைக் காயில் கட்டும் கடையில் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மூடியைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். காயில் கட்டுபவர் உள்ளே ஒரு பார்வை பார்ப்பார், உடனே காரணத்தைச் சொல்லிவிடுவார். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, அதாவது தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை. டெல்டாவில், அதாவது மூன்று ஃபேஸ் காயில்களையும் முக்கோணமாக இணைத்துக் கட்டிய மோட்டாரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இடைவிட்டு இடைவிட்டுக் கருகி, மற்றவை புதுசு போல இருந்தால் ஓடும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஸ்டாரில், அதாவது மூன்றின் ஒரு பக்க முனைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியதென்றால் இது தலைகீழாகும்: இரண்டு பங்கு கருகி, ஒரு பங்கு நல்லபடியாக இருக்கும்.

இந்த இரண்டு விதமான சாவையும், மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தவைக்கும் ஓவர்லோடு ரிலே தடுத்திருக்க வேண்டும். நான் பார்த்த எரிந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டார்டரில் ரிலே இருந்தது. இருந்தும் எரிந்தன. ஒன்று, ரிலேயில் கரண்ட் அளவை வைக்கும் டயல் தப்பான எண்ணில் இருந்தது. இல்லாவிட்டால் யாரோ ஒரு துண்டு வயரைப் போட்டு ரிலேயைச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே ரிலே வாங்குவதைவிட அதை வைக்கும் முறையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ரிலேயைப் பிரித்தால் மூன்று பட்டைகள் தெரியும், ஃபேஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடானால் ஒரு உலோகம் அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும், அதனால் பட்டை ஒரு பக்கமாக வளையும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் இந்தப் பட்டையைச் சுற்றியுள்ள ஹீட்டர் கம்பி வழியாகப் போகிறது. கரண்ட் கூடினால் சூடு கூடும், பட்டை வளையும், ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டைத் தள்ளும். தகடு ஒரு அளவுக்கு நகர்ந்ததும் உள்ளே ஸ்பிரிங் 'டக்' என்று விழும். அதுதான் டிரிப்.

மோட்டாரின் காயில் சூடாகிற வேகத்தைத்தான் இந்தப் பட்டை நகல் எடுக்கிறது. மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப்போல ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். ஆனால் அது சில நொடிகள்தான். அதற்குள் காயிலும் கெடாது, பட்டையும் முழுதாக வளையாது. 20 சதவீதம் மட்டும் கூடுதலாக நீண்ட நேரம் இழுத்தால் இரண்டும் மெல்லச் சூடேறும். இந்தப் பொறுமை பியூஸுக்கும் எம்.சி.பி-க்கும் கிடையாது. கிளம்பும் கரண்டைத் தாங்கும் அளவுக்குப் பெரிய பியூஸ் போட்டால், 20 சதவீதக் கூடுதலை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ரிலே தானாக வெட்டுவதில்லை என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அதன் கீழே 95-96 என்று இரண்டு ஸ்குரூ இருக்கும். சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்ட் அது. டிரிப் ஆனால் திறக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்து வெட்டும் காந்த ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலுக்கு அந்த வழியாக சப்ளை போனால்தான், டிரிப் ஆகும்போது காயில் விழும், மோட்டார் நிற்கும். 97-98 இதற்கு எதிர். டிரிப் ஆனால் மூடிக்கொள்ளும். சிவப்பு விளக்கு, மணி இவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

முதலில் நேம் பிளேட்

துணியை எடுத்து மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடையுங்கள். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் மெல்லச் சுரண்டுங்கள். அதில் ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும் எண்தான் நமக்கு வேண்டும். ஹெச்.பி-யை வைத்து மனக்கணக்குப் போடுவது அவசரத்துக்கு உதவும். 415 வோல்ட்டில் 5 ஹெச்.பி சுமார் 7.5 ஆம்பியர், 10 ஹெச்.பி சுமார் 14 முதல் 15. ஆனால் ஒரே ஹெச்.பி-யில் கம்பெனிக்குக் கம்பெனி, ஸ்பீடுக்கு ஸ்பீடு இது மாறும். நேம் பிளேட்டில் இரண்டு வெவ்வேறு ஆம்பியர் எண்கள் போட்டிருந்தால் பதற வேண்டாம். ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் வெவ்வேறு வோல்டேஜில் உள்ள எண்கள் அவை. உங்கள் வோல்டேஜுக்கு எதிரே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஏற்கெனவே காயில் கட்டப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பியின் கேஜ், அதாவது தடிமன், மாறியிருந்தால் பழைய நேம் பிளேட்டை முழுதாக நம்ப முடியாது.

ரிலே வாங்கும்போது

ரிலேக்கள் 4.5-7.5, 6-10, 9-15 ஆம்பியர் என்பது போன்ற எல்லைகளில் வரும். நம் எண் அந்த எல்லையின் நடுவாக்கில் விழுமாறு பாருங்கள். 7.5 ஆம்பியர் மோட்டாருக்கு 4.5-7.5 ரிலே வாங்கினால் டயல் கடைசியில் முட்டி நிற்கும். 6-10 வாங்கினால் முன்னே பின்னே நகர்த்த இடம் இருக்கும்.

அடுத்து டிரிப் கிளாஸ். 10ஏ, 10, 20, 30 என்று போட்டிருக்கும். டயலில் வைத்த அளவைப்போல 7.2 மடங்கு கரண்ட் போனால் எத்தனை நொடிக்குள் விழும் என்பதை அது சொல்கிறது. 10 என்றால் 4 முதல் 10 நொடி, 20 என்றால் 6 முதல் 20 நொடி, 30 என்றால் 9 முதல் 30 நொடி. சாதாரண பம்பு, லேத், கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் 10 போதும். கனமான பிளைவீல் உள்ள இயந்திரம், பெரிய புளோயர் போல வேகம் பிடிக்க நேரமெடுக்கும் இடங்களுக்கு மட்டும் 20 அல்லது 30.

போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு 20 போட்டுவிடாதீர்கள். ஒல்லியான உடம்பு, வெளியே ஓடும் தண்ணீரை நம்பிக் குளிரும் காயில். ஏதாவது சிக்கிக்கொண்டால் மளமளவென்று சூடேறும். 10 அல்லது 10ஏ-தான் அதற்கு.

ஒரு ஃபேஸ் போனால் சீக்கிரம் விழும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது வரும் ரிலேக்களில் பெரும்பாலும் இருக்கும். மூன்று பட்டைகளும் ஒரே அளவு வளையாமல் ஒன்று மட்டும் குளிர்ந்து நின்றால், உள்ளே இரண்டு தகடுகள் ஒன்றையொன்று விலகி, வழக்கத்தைவிடக் குறைந்த கரண்டிலேயே டிரிப் செய்துவிடும். இந்த வகை ரிலேயைச் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குப் போடும்போது கரண்ட்டை மூன்று பட்டைகள் வழியாகவும் வரிசையாகச் சுற்றிவிட வேண்டும். இரண்டு வழியாக மட்டும் விட்டால் மூன்றாவது குளிர்ந்து நிற்கும், மோட்டார் நன்றாக இருக்கும்போதே அடிக்கடி விழும்.

வயரிங்

மெயினை ஆஃப் செய்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் மூன்று ஃபேஸையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். 415 வோல்ட் மன்னிக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூட வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சப்ளை முதலில் எம்.சி.பி அல்லது பியூஸுக்கு, அங்கிருந்து கான்டாக்டருக்கு, கான்டாக்டரின் கீழ்ப்பக்கத்திலிருந்து ரிலேக்கு, ரிலேயிலிருந்து மோட்டாருக்கு. கன்ட்ரோல் பக்கம் ஒரு ஃபேஸை எடுத்து, சின்ன பியூஸ், ரிலேயின் 95-96, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன் என்று வரிசையாக ஓட்டி, கான்டாக்டர் காயிலின் ஏ1-க்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டார்ட் பட்டனுக்குக் குறுக்கே கான்டாக்டரின் 13-14, கான்டாக்டர் இழுத்ததும் மூடிக்கொள்ளும் துணைக் காண்டாக்ட். பட்டனை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஏ2 எங்கே போகும் என்பது காயிலின் மேல் எழுதியிருப்பதைப் பொறுத்தது. 415 என்றிருந்தால் இன்னொரு ஃபேஸுக்கு, 240 என்றிருந்தால் நியூட்ரலுக்கு. இதை மாற்றிக் கொடுத்துக் காயிலைக் கொளுத்தாத எலக்ட்ரீஷியன் அரிது. நானும் கொளுத்தியிருக்கிறேன்.

ரிலேயின் ஸ்குரூக்களை நன்றாக முறுக்குங்கள். மற்ற இடங்களில் லூஸ் கனெக்‌ஷன் சூடானால் வயர்தான் கருகும். இங்கே அந்தச் சூடு நேராகப் பட்டைக்குள் இறங்கும். கரண்ட் சரியாக இருந்தும் மத்தியானம் மத்தியானம் டிரிப் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த மூன்று ஸ்குரூக்களைத்தான். ஒன்றில் மட்டும் வயரின் உறை பழுப்பேறியிருக்கும்.

டயல்

நேரடி ஸ்டார்டரில், அதாவது டி.ஓ.எல்-இல், டயலை நேம் பிளேட் ஆம்பியரிலேயே வையுங்கள். 7.5 என்றால் 7.5. கொஞ்சம் கூட்டி வைப்போமே என்று தோன்றும், வேண்டாம். அந்தக் கொஞ்சம் ஏற்கெனவே ரிலேக்குள் இருக்கிறது. டயல் அளவில் 1.05 மடங்கு கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.2 மடங்கு போனால் இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது ஐ.இ.சி 60947-4-1 தரத்தின் விதி. ஒன்றரை மடங்கு போனால், ஓடிச் சூடாக இருக்கும் கிளாஸ் 10 ரிலே 4 நிமிடத்துக்குள் விழும். அமெரிக்க வீடியோக்களில் 125 சதவீதம் என்று சொல்வதைக் கேட்டு 7.5-க்கு 9.4 வைப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு அவர்களுடைய விதிப்புத்தகத்துக்கும் அவர்கள் ஊர் மோட்டாருக்கும் உரியது. நம் ரிலேயின் டயலில் அதையும் சேர்த்தால் கூடுதலின் மேல் கூடுதலாகிவிடும்.

மோட்டார் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று, வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். நேம் பிளேட்டில் 14.5 இருந்து, முழு வேலையில் 11-தான் இழுக்கிறது என்றால் டயலை 12, 12.5 வரை இறக்கி வைக்கலாம். பம்பில் கல் சிக்கினாலோ பேரிங் இறுகினாலோ இன்னும் சீக்கிரம் தெரியும். இறக்கலாம், ஆனால் நேம் பிளேட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது.

மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர் என்றால் கணக்கு மாறும். இங்கேதான் பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள். அதனால் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாவு மில். 10 ஹெச்.பி மோட்டார், நேம் பிளேட்டில் 14.5 ஆம்பியர். தீபாவளிக்கு முந்தைய வாரம், அதிரசத்துக்கு ஈர அரிசி அரைக்க வாசலில் வரிசை நிற்கிறது. ஈர மாவு மில்லுக்குள் அப்பிக்கொள்ளும், மோட்டார் முக்கும். ரிலே இரண்டு தடவை டிரிப் ஆனது. அது 6-10 ரிலே, டயல் 8.4-இல் இருந்தது. மோட்டார் 14.5, ரிலே 8.4-தானா, யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மில்காரர் கடைக்குப் போய் 9-15 ரிலே வாங்கி வந்து மாட்டி 14.5-இல் வைத்தார். அன்றைக்கு முழுக்க டிரிப்பே இல்லை. மறுநாள் மத்தியானம் மோட்டாரிலிருந்து புகை வந்தது.

முதலில் இருந்த 8.4 சரியான எண். ஸ்டார்-டெல்டாவில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டாரின் காயிலுக்குப் போகும் ஆறு வயர்களில் மூன்றில் இருக்கும். டெல்டாவில் ஓடும்போது அந்த வயரில் போவது லைன் கரண்டில், அதாவது சப்ளை வயரில் வரும் கரண்டில், 58 சதவீதம்தான். 14.5-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 8.4. அங்கே 14.5 வைத்தால், லைனில் 25 ஆம்பியர் போகும் வரை சரி என்று ரிலேயிடம் சொன்னது போலாகிறது. ஈர மாவுக்கு மோட்டார் 19 ஆம்பியர் இழுத்தபோது ரிலே பார்த்தது 11. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ரிலே லைனில் இருந்தால், அதாவது சப்ளை வயர் மூன்றும் ஸ்டார்டருக்குள் நுழையும் இடத்திலேயே இருந்தால், முழு 14.5 வைக்க வேண்டும். எனவே எண்ணை முடிவு செய்யும் முன் வயரை விரலால் தொடர்ந்து போய் ரிலே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மோட்டாருக்குப் போகும் வயர் ஆறா மூன்றா என்று எண்ணிவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்-டெல்டா என்றாலே ஆறுதான்.

ரீசெட்: கையா, தானாகவா

ரிலேயில் ஒரு நீலப் பட்டனோ குமிழோ இருக்கும். அதைத் திருப்பி மேனுவல் அல்லது ஆட்டோ என்று வைக்கலாம். மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் வைத்தால் பட்டை குளிர்ந்ததும் 95-96 தானே மூடிக்கொள்ளும். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன் உள்ள ஸ்டார்டரில் அதனால் மோட்டார் தானாகக் கிளம்பாது. 13-14 விட்டுப்போயிருக்கும், யாராவது ஸ்டார்ட்டை அழுத்தியாக வேண்டும். ஆனால் மிதவை ஸ்விட்ச் போட்ட தொட்டி, கரண்ட் வந்ததும் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்விட்ச் வைத்த தோட்டத்து மோட்டார் இவற்றில் கதை வேறு. டிரிப் ஆகும், குளிரும், கிளம்பும், மறுபடி டிரிப் ஆகும். ஒவ்வொரு கிளம்பலிலும் ஆறு மடங்கு கரண்ட். தோட்டத்தில் ஆளில்லாத ராத்திரியில் இப்படி நாலைந்து சுற்று போனால் காலையில் காயில் இருக்காது.

சோதனை

ரிலேயில் உள்ள டெஸ்ட் பட்டன் எதற்கு என்று தெரியாமலே பலர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மோட்டார் ஓடும்போது அதை அழுத்துங்கள். கான்டாக்டர் 'தடக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் 95-96 வயரிங்கில் சேர்க்கப்படவில்லை, அல்லது யாரோ அதன் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் இணைத்து லூப் போட்டிருக்கிறார்கள், அல்லது கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றில் எதுவானாலும் அந்த ஸ்டார்டரை அன்றே சரி செய்ய வேண்டும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கிராமத்து ஸ்டார்டர் பெட்டிகளில் குளவி கூடு கட்டியிருக்கும், எறும்பு கான்டாக்டருக்குள் குடியேறியிருக்கும், பல்லி வேறு. மெயினை ஆஃப் செய்து அதையும் சுத்தம் செய்யுங்கள்.

டிரிப் ஆனால்

முதலில் நிதானமாக இருங்கள். டிரிப் ஆனவுடன் ரீசெட் ஏறாது, பட்டை குளிர ஓரிரு நிமிடம் வேண்டும். அதற்குள் அழுத்தி அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. பட்டை சின்னது, சீக்கிரம் குளிர்ந்துவிடும். மோட்டார் பெரிய இரும்பு, குளிர வெகுநேரம் ஆகும். ரீசெட் ஏறிவிட்டது என்பதால் மோட்டார் தயார் என்று அர்த்தமில்லை.

அந்த இடைவெளியில் மெயினை ஆஃப் செய்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங்கோ பம்போ. பெல்ட் அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருக்கிறதா, மில்லில் மாவு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சப்ளை கொடுத்து மூன்று ஃபேஸுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வோல்டேஜில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு, கரண்டில் ஆறு முதல் பத்து சதவீதமாகப் பெருகித் தெரியும். மொத்தமாக வோல்டேஜ் குறைந்திருந்தாலும் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிகம் இழுக்கும். ஒரு ஃபேஸ் இல்லையென்றால் கிளம்பாமல் உறுமும், கையை உடனே எடுத்துவிடுங்கள். கடைசியாக ஓடவிட்டு டாங் டெஸ்டரால் மூன்று வயரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

காரணம் தெரியாமல் டயலை ஏற்றாதீர்கள். 95-96-ஐ லூப் போடாதீர்கள். தோட்டங்களில் இந்த லூப் எதற்கு வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவார்கள். மூன்று காயிலிலும் கரண்ட் ஒரே அளவாக இராது, ரிலே விழும், அதனால் ரிலேக்கு லூப். பயிர் காய்கிறபோது தத்துவம் பேச முடியாது, சரி. ஆனால் அந்த லூப் மூன்று ஃபேஸ் வந்த பிறகும் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழைய கணக்கு. மோட்டார் அன்றைக்கே எரியாததால் யாரும் லூப்பைக் குற்றம் சொல்வதில்லை.

ரிலேக்குத் தெரியாதவை

அதற்குக் கரண்ட் ஒன்றுதான் தெரியும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் பட்டை வளையும் முன்பே ரிலேயே வெந்துவிடும். அதனால்தான் முன்னால் பியூஸ் அல்லது எம்.சி.பி கட்டாயம், அதிகபட்சம் எவ்வளவு என்று ரிலேயின் மேலேயே எழுதியிருப்பார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் பம்பு சும்மா சுற்றினால் கரண்ட் குறையும், ரிலே நிம்மதியாக இருக்கும், பம்பு கெடும். அதற்கு டிரை ரன் பிரிவென்டர் தனியாக வேண்டும். பின்பக்க விசிறி உடைந்தாலும், உடம்பு முழுக்கப் பஞ்சு மூடினாலும் கரண்ட் மாறாது, மோட்டார் மட்டும் கொதிக்கும். நூற்பாலை, மரப்பட்டறைக்காரர்கள் வாரம் ஒரு தடவை ஊதிவிட வேண்டும். விலை உயர்ந்த மோட்டார் என்றால் காயிலுக்குள்ளேயே சூட்டை நேராக உணரும் தெர்மிஸ்டர் வைத்துக் கட்டச் சொல்லலாம். கிராமத்து லைனில் ஃபேஸ் அடிக்கடி போகுமென்றால், ரிலேயை மட்டும் நம்பாமல், ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் போடுங்கள். அது பட்டை சூடாகும் வரை காத்திருக்காது.

வேலை முடிந்ததும் ஸ்டார்டர் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள்: தேதி, நேம் பிளேட் ஆம்பியர், டயல் எண், அன்று அளந்த மூன்று ஃபேஸ் கரண்ட். ஸ்டார்-டெல்டாவாக இருந்தால் '14.5 x 0.58 = 8.4, மாற்ற வேண்டாம்' என்று கொஞ்சம் பெரிய எழுத்தில்.